எனக்காகக் கையெழுத்து வைத்தவர்கள்

2023ஆம் ஆண்டு, தைப்பொங்கல் முடிந்த கிழமை. கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியின் அறையில் போய் இருந்தேன். கையில் ஒரு சொப்பிங் பை நிறைய ரசீதும் கடிதமும். "மிஸ், நான் வங்குரோத்தாகிட்டன் எண்டு நீதிமன்றத்திலை பதிய வேணும்" என்றேன். கடனைக் கட்ட முடியாமல் முறிந்துவிட்டேன் என்பதை வாய்விட்டுச் சொல்வதற்கு மூன்று மாதம் எடுத்திருந்தேன். அவர் பையை வாங்கி மேசையில் கொட்டினார். ஒவ்வொரு தாளாக விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு கடன் என்பதல்ல. "அண்ணை, இதுகளிலை உங்களோடை சேர்ந்து ஆர் ஆர் கையெழுத்து வைச்சிருக்கினம்?"

அந்தக் கேள்விக்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் எழுதுகிறேன். இதே நிலையில் எத்தனையோ குடும்பங்கள் வன்னியில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

தருமபுரம் பக்கம் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. 2010இல் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் சீனி, மா, மண்ணெண்ணெய் என்று தொடங்கியது. கடனில்லாமல் எட்டு வருடம் ஓடியது. 2018 மார்கழி வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அரிசி மூடை எல்லாம் ஊறி முளைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வங்கிக் கடன். அடுத்த வருடம் சாமான் ஏற்ற 'பட்டா' என்ற சிறு லொறி ஒன்று லீசிங்கில் எடுத்தேன். 2020இல் கொரோனா வந்தபோது தவணைக்குச் சலுகைக்காலம் தந்தார்கள். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை என்பது சலுகை முடிந்து கணக்குக் கூற்று வந்தபோதுதான் விளங்கியது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். காலபோக நெற்செய்கை படுத்தது. என் கடன் கொப்பியில் இருந்தவர்கள் எல்லாரும் கமக்காரர். அறுவடைக்குத் தருகிறேன் என்றவர்களுக்கு அறுவடையே இல்லை. 2022 சித்திரையில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. வட்டி வீதம் ஏறியது. என் வங்கிக் கடன் மாறும் வட்டியில் இருந்ததால் 13 வீதம் 24 ஆனது.

இதற்குள் நான் செய்த பெரிய பிழை, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தது. முதலில் மனைவியின் நகை அடகுக்குப் போனது. பிறகு மனைவி இரண்டு குழுக்கடன் எடுத்தார். கடைசியாக மீற்றர் வட்டிக்கு மூன்று இலட்சம் வாங்கினேன். மாதம் நூற்றுக்குப் பத்து. அந்த மூன்று இலட்சத்துக்கு மாதம் 30,000 வட்டி மட்டும் போனது, முதல் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை.

வங்குரோத்து யோசனை எங்கிருந்து வந்தது என்றால், கனடாவில் இருக்கும் என் மச்சான் சொல்லித்தான். அவர் ஸ்காபரோவில் உணவகம் நடத்தி நட்டப்பட்டவர். "உரிமம் பெற்ற ஆளிட்டைப் போய்ப் பதிஞ்சன், ஒன்பது மாதத்திலை விடுபட்டிட்டன். கடன்காரர் போன் எடுக்கிறதும் நிண்டுது" என்றார். அங்கே முதல் தடவை முறிவு பதிகிறவர், அளவுக்கு மேல் வருமானம் இல்லாவிட்டால், கடமைகளைச் சரியாகச் செய்தால் ஒன்பது மாதத்தில் விடுபடலாம். அது வேண்டாமென்றால் கடன்காரர்களுக்கு ஒரு முன்மொழிவு வைத்து, கடனில் ஒரு பங்கை ஐந்து வருடத்துக்குள் கட்டி முடிக்கும் வழியும் உண்டு. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இரவில் அந்த ஒரு நினைப்புத்தான். ஒரு மனு, ஒரு கையெழுத்து, எல்லாம் அழிந்துவிடும்.

இங்கே அப்படியில்லை. சட்டத்தரணி சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். இலங்கையில் தனியாள் முறிவுக்கு அப்போது இருந்த சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கடன்காரரும் போடலாம், கடன்பட்டவரும் போடலாம். நீதிமன்றம் உங்களைக் 'கடனிறுக்க வகையற்றவர்' என்று தீர்த்தால், உங்கள் சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர் கைக்குப் போகும். கடன்காரர் எல்லாரும் வந்து தங்கள் கணக்கை நிரூபிப்பார்கள். நீங்கள் எப்படிக் கடன்பட்டீர்கள், எதையாவது ஒளித்தீர்களா என்று விசாரணை நடக்கும். அதன் பிறகுதான் விடுவிப்புச் சான்றிதழ். ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று தானாக முடிகிற திகதி கிடையாது.

"சரி, நேரமெடுத்தாலும் கடன் அழியும்தானே?" என்றேன்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். மொத்தக் கடன் 37 இலட்சத்துப் பத்தாயிரம். அதை இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதச் சொன்னார். இடப்பக்கம், நான் கட்டாவிட்டால் ஒரு பொருளோ ஒரு ஆளோ எனக்குப் பதிலாகப் பிடிபடும் கடன்கள். வலப்பக்கம், என் சொல்லை மட்டும் நம்பித் தந்த கடன்கள்.

வங்கிக் கடன் 11 இலட்சம் இடப்பக்கம் போனது. அதற்கு இரண்டு பிணையாளிகள், ஒருவர் என் சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, ஆசிரியர், மற்றவர் தபால் கந்தோரில் வேலை செய்யும் நண்பர். பட்டாவின் லீசிங் ஒன்பது இலட்சமும் இடப்பக்கம், கட்டாவிட்டால் வாகனத்தைச் சீஸ் பண்ணுவார்கள். அடகு ஆறரை இலட்சம், நகையே பிணை. குழுக்கடன் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம், ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. மொத்த விற்பனையாளருக்குத் திகதி போட்டுக் கொடுத்த காசோலைகள் நான்கு இலட்சத்து இருபதாயிரம். அதை எந்தப் பக்கம் போடுவது என்று நான் யோசித்தபோது, "இதைத் தனியா எழுதுங்கோ" என்றார். காசில்லாத கணக்குக்குத் தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தில் குற்றம். வங்குரோத்துப் பதிந்தாலும் அந்தக் குற்றம் போகாது. எனக்கு நெஞ்சு இடித்தது. அந்தக் காசோலைகளில் இரண்டு ஏற்கெனவே திரும்பியிருந்தன.

வலப்பக்கம் மிஞ்சியது மீற்றர் வட்டி மூன்று இலட்சமும், மனைவியின் தமக்கையிடம் வாங்கிய கைமாற்று இரண்டு இலட்சமும்தான்.

அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். 37 இலட்சத்தில் வங்குரோத்து உண்மையில் அழிக்கக்கூடியது ஐந்து இலட்சம். அதிலும் இரண்டு, மச்சாள் தன் மகளின் படிப்புக்கு வைத்திருந்த காசு. லீசிங்காரன் வாகனத்தை எடுப்பான், அடகுக்காரன் நகையை ஏலம் போடுவான், அவர்களுக்கு என் மனுவால் ஒன்றுமில்லை. பிணையாளிகளுக்கு விடுதலை இல்லை. நான் கடனிலிருந்து வெளியே வந்த அடுத்த நாள் வங்கி என் தம்பியின் சம்பளத்தைப் பார்க்கத் தொடங்கும்.

இதை நான் ஏன் முன்னமே யோசிக்கவில்லை என்று இப்போது கேட்கிறேன். யோசிக்க முடியாத அளவுக்குத் தலை களைத்திருந்தது என்பதுதான் உண்மை. நித்திரை இல்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கடையின் பின்பக்கம் போய் நிற்பேன். நானில்லாமல் போனால் நல்லது என்றுகூட ஒருநாள் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அன்றிரவு முழுக்க என் பக்கத்திலேயே விழித்திருந்தார். அந்த இடத்தில் இப்போது நிற்கிறவர்கள் தயவுசெய்து யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 1926க்கு அழைத்தால் மனநலத்துக்கான அரச சேவை கிடைக்கும்.

குழுக்கடன் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வங்குரோத்து வேண்டாம் என்று நான் முடிவெடுத்தது சட்டத்தரணியின் அறையில் இல்லை, அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு முற்றத்தில், வேப்பமரத்துக்குக் கீழேதான் குழுக் கூட்டம். ஐந்து பேரின் காசும் சேராமல் யாரும் எழும்ப முடியாது. அன்று மனைவியிடம் 2,500 இல்லை, 1,900தான் இருந்தது. குழுவில் ஒரு அக்கா, கணவர் 2009இல் காணாமல் போனவர், கோழி வளர்த்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவர் எழும்பி வீட்டுக்குப் போய் ஒரு பவுடர் ரின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் முட்டை விற்ற காசு. சுருட்டிய இருபது ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி 600 எண்ணி வைத்தார். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நான் முறிந்தால் அந்த ரின்தான் முதலில் முறியும்.

அந்தக் கடனின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடன் தந்தவர் 30 வீதம் என்றுதான் சொன்னார். ஒரு இலட்சம் தந்து, கிழமைக்கு 2,500 வீதம் 52 கிழமை வாங்கினால் ஒரு இலட்சத்து முப்பதாயிரம். பார்க்க 30 வீதம்தான். ஆனால் நீங்கள் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறீர்கள், வட்டி மட்டும் முழு ஒரு இலட்சத்துக்கும் வருடக் கடைசிவரை எடுக்கப்படுகிறது. குறைந்து போகும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு ஏறக்குறைய 54 வீதம். அடுத்த முறை யாராவது வீதம் சொன்னால், "குறைஞ்சுபோற மீதிக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள்.

2018இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையான நுண்கடன்களைப் பொறுப்பெடுத்தது. எங்கள் ஊரில் அதனால் மூச்சு விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படி இன்னொன்று வரும் என்று காத்திருந்து தவணையை விட்டவர்களையும் பார்த்தேன். வரவில்லை, தண்ட வட்டிதான் வந்தது.

சரி, வேறு வழி என்ன?

முதலில் பட்டா. சீஸ் பண்ண வரும்வரை பார்த்திருக்காமல் நானே லீசிங் கந்தோருக்குப் போனேன். வாகனத்தை அவர்கள் எடுத்து ஏலத்தில் விற்றால் வரும் விலை குறைவு, மிச்சக் கடனுக்கும் நான்தான் பொறுப்பு. அதற்குப் பதில், இன்றைய திகதிக்கு முழுக்கக் கட்டி முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் கேட்டேன். நிலுவையோடு ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரம். 2020 பங்குனியிலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வாகனத்துக்கு நல்ல விலை. வவுனியாவில் ஒருவர் 16 இலட்சத்து 50,000க்குக் கேட்டார். வாங்கியவர் நேரே லீசிங் கம்பனியில் காசைக் கட்டி, வாகனப் பதிவுப் புத்தகம் விடுபட்ட பிறகு மிச்சத்தை எனக்குத் தந்தார். ஏழு இலட்சத்துப் பத்தாயிரம் கையில் வந்தது. அந்த வாகனத்தை விற்கும்போது எனக்குக் கண்ணீர் வந்தது, அதை மறைக்கவில்லை. மகன்தான் அதற்குப் பெயர் எழுதியவன்.

அந்தக் காசை எப்படிப் பிரிப்பது என்பதில் சட்டத்தரணி சொன்னதைத்தான் செய்தேன். கத்திக் கேட்கிறவனுக்கு முதலில் கொடுக்காதே, கட்டாவிட்டால் கூடக் கேடு வரும் கடனுக்கு முதலில் கொடு. குழுக்கடன் இரண்டையும் அன்றே மூடினோம். காசோலை கொடுத்த மொத்த விற்பனையாளரிடம் இரண்டு இலட்சத்து இருபதாயிரம் கொடுத்து, மிச்ச இரண்டு இலட்சத்தை மாதம் 20,000 வீதம் பத்து மாதத்தில் தருவதாக ஒரு தாளில் எழுதினோம். பழைய காசோலைகளை எண்ணி வாங்கிக்கொண்டேன். காசோலையைத் திருப்பி வாங்காமல் காசை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மீற்றர் வட்டிக்காரரிடம் போகத்தான் பயமாக இருந்தது. அவர் தொகை எழுதாத ஒரு பத்திரத்தில் என் கையெழுத்து வாங்கியிருந்தார். 1918ஆம் ஆண்டிலிருந்தே கடன் கொடுத்தலுக்கு ஒரு கட்டளைச்சட்டம் இருக்கிறது, தொகை நிரப்பாத பத்திரத்தைப் பிணையாக வாங்குவது அதில் பிழை, அளவுக்கு மீறிய வட்டியை நீதிமன்றம் திரும்பிப் பார்க்கலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். நான் சண்டைக்குப் போகவில்லை. ஊரில் அவர் மதிக்கும் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு, மூன்று இலட்சத்தையும் கையில் வைத்துக்கொண்டு போனேன். பதினொரு மாதம் வட்டி கட்டிய கணக்கைச் சொன்னேன். "அண்ணை, முதல் முழுக்க இருக்கு. பத்திரத்தைத் தாங்கோ, இண்டைக்கே முடிப்பம்" என்றேன். சட்டத்தின் பெயரை ஒருமுறைதான் சொன்னேன். காசு கண்ணுக்கு முன்னால் இருந்தால் பேச்சு வேறு. பத்திரம் கைக்கு வந்தது. மிஞ்சிய 50,000க்குக் கடைக்குச் சாமான் போட்டேன்.

வங்கிக்கு நான் ஆறு மாதமாகப் போகாமல் இருந்தது பெரிய பிழை. கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். இப்போது வருமானம், செலவு, விற்ற பொருள், தீர்த்த கடன் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி முகாமையாளருக்குக் கொடுத்து, மீள அட்டவணைப்படுத்தக் கேட்டேன். முதலில் மறுத்தார்கள். இரண்டாம் கடிதத்தோடு பிணையாளிகள் இருவரும் கூட வந்தார்கள். தண்ட வட்டியை விட்டார்கள், வட்டியை 18 ஆக்கி ஆறு வருடத்துக்கு நீட்டினார்கள். மாதம் 38,000 இருந்தது 25,000 ஆனது. நீட்டினால் மொத்த வட்டி கூடும், அது தெரிந்துதான் எடுத்தேன். வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் எழுத்து முறைப்பாட்டுக்குப் பதில் தராவிட்டால், அல்லது அறவிட வருகிறவர் வீட்டில் வந்து அவமானப்படுத்தினால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் சொல்லலாம். கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போய் ஆலோசனை கேட்கலாம்.

அடகுக்கு நான்கு ரசீதுத் துண்டு இருந்தது. நகை வைத்த காலத்தைவிட ரூபா சரிந்து தங்கப் பவுண் விலை எவ்வளவோ ஏறியிருந்தது. ஒரு துண்டை மீட்டு, அந்தக் காப்புகளை விற்று, வந்த மிச்சத்தில் அடுத்த துண்டு. தாலிக்கொடி இருந்த துண்டைக் கடைசியில் மீட்டோம். எல்லாம் விற்றுத்தான் ஆகவேண்டும் என்று நினைத்திருந்தோம், பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

இந்தக் காலத்தில் நல்லெண்ணத்தோடு வந்த பிழையான ஆலோசனைகளும் உண்டு. "கடைச் சாமானை மச்சாள் பெயருக்கு மாத்திப்போட்டு வங்குரோத்து அடி" என்றார் ஒருவர். அப்படி மாற்றியதை நீதிமன்றம் பின்னால் இரத்துச் செய்யலாம், ஒளித்தவருக்கு விடுவிப்பும் கிடைக்காமல் போகலாம். இன்னொருவர் காணியை விற்கச் சொன்னார். எங்கள் வீட்டுக் காணி பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்தது. பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது, நீதிமன்றக் கட்டளையிலும் அதை ஏலம் போட முடியாது என்று சட்டத்தரணி சொன்னார். வீடு போய்விடும் என்று நாங்கள் பயந்து அழுத இரவுகள் வீண். கமக்காரர் ஒருவரின் மண்வெட்டி, கலப்பை, விதைநெல், பிழைப்புக்கு வேண்டிய மாடு இவற்றையும் கடன் தீர்ப்புக்காகப் பறிக்க முடியாதென்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. எது போகும், எது போகாது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் குறையும்.

வங்குரோத்து ஒருவருக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் வியாபாரம் செய்து முறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குப் பிணையாளி இல்லை, ஈடு இல்லை, எல்லாம் சும்மா நம்பித் தந்த கடன், ஐந்தாறு பேர் தனித்தனியாக வழக்குப் போட்டிருந்தார்கள், வயதும் அறுபதைத் தாண்டியது. அவருக்கு அதுதான் சரியான வழி. அதை வெட்கமென்று நினைக்கவும் தேவையில்லை. என் தாளில் வலப்பக்கம் 30 இலட்சம் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கிறிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் என் பெயர் இன்னும் பழுதாகத்தான் இருக்கிறது. அது கறுப்புப் பட்டியல் இல்லை, கட்டியதும் கட்டாததும் இரண்டும் அதில் பதிவாகும். பிணையாளியின் அறிக்கையிலும் என் கடன் தெரியும். என் தம்பி வீடு கட்டக் கடன் கேட்டபோது என்னால்தான் முதல் முறை மறுக்கப்பட்டது என்று இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். போன வருடம் அவருக்குக் கிடைத்தது. அத்திவாரம் வெட்டிய அன்று நானும் போய் மண்வெட்டி பிடித்தேன்.

மச்சாளின் இரண்டு இலட்சம் இன்னும் முழுதாக முடியவில்லை, 60,000 நிற்கிறது. வங்கிக்கு 2029வரை கட்ட வேண்டும்.

போன கிழமை எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவன், ஓட்டோ ஒன்று லீசிங்கில் எடுக்கப் பிணை நிற்கிறீங்களா அண்ணை என்று கேட்டு வந்தான். இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை, ஓமென்றும் சொல்லவில்லை. வீட்டிலுள்ள எல்லா ரசீதையும், தாயின் குழுக்கடன் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். நடுவில் கோடு போட ஒரு வெள்ளைத் தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.